திலகக்கா ஊட்டுப் போசி

கார்டு குடுக்க மாட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. பையில 'வெண்ணிலா வீடியோஸ், தாராபுரம்'னு போட்டிருக்கறதப் பாத்துட்டு, உங்க தங்கச்சி மக கல்யாணத்துக்கு ஆள் வேணும்னு நல்ல மனசோடதான் கேக்கறீங்க. வேண்டாமுங்க. அந்தப் புள்ளை கல்யாணத்த நான் எடுக்கக் கூடாது. தொழில் தெரியாதுன்னு இல்ல. இருவத்திரெண்டு வருசமா எடுக்கறேன். குண்டடத்துல இருந்து அந்தப் பக்கம் மூலனூர் வரைக்கும் எத்தனை மண்டபம் இருக்குதோ அத்தனைலயும் என்ற லைட்டு எரிஞ்சிருக்குது. தாலி கட்டற நேரத்துல குறுக்க வந்து நிக்கற சித்தப்பனுகளப் பகைச்சுக்காம முடிச்ச மட்டும் எடுக்கத் தெரிஞ்ச ஆளு நான். அதெல்லாம் செரி. ஆனா கார்டு குடுக்க மாட்டேன்.

ஏன்னு கேக்கறீங்க. இந்த பஸ்ஸு திருப்பூர்க் கோவில்வழி போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமல்லங்க? அப்பச் சொல்லீரலாம். நீங்க மதுரைப் பக்கம்னு பேச்சுலயே தெரியுது. நாளைக்கு ஒரு கல்யாணத்துல, காரியத்துல மூஞ்சியப் பாத்துக்கப் போறதில்ல. ஊட்டுக்காரிகிட்டச் சொல்லல, சாமிகிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன்.

கொரோனாவுக்கு அப்பறம் எங்க பொழப்பு படுத்துருச்சுங்க. பசங்க வந்துட்டானுங்க, ட்ரோனு, கேண்டிடுன்னு என்னென்னமோ சொல்லிக்கிட்டு. நம்மள மாதிரி ஆளுகள பந்தியில இலைக்கு நேரா லைட்டப் புடிக்கறவன்னு கிண்டல் பண்றானுங்க. அந்தச் சமயத்துல ஜெகன்னு ஒருத்தன் கூப்புட்டான். மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் போடறவன், பழக்கமான பையன்தான். 'அண்ணா, ஒரு சின்னப் படம். வடக்க ஒரு கம்பெனி ஆப்புக்கு. ரூமுக்குள்ளயே எடுக்கறது'ன்னான். என்ன மாதிரிப் படம்னு அங்க போன பின்னாடிதான் தெரிஞ்சுதுன்னு எனக்கு நானே சொல்லீட்டிருந்தேன். பொய்ங்க. போன்லயே தெரிஞ்சு போச்சு. 'பெரியவங்க மட்டும் பாக்கற படம்ணா'ன்னு அவன் இழுத்தப்பவே புரிஞ்சுது. புரிஞ்சுதான் 'எத்தனை மணிக்கு வரோணும்'னு கேட்டேன்.

உங்க மூஞ்சி மாறுது. மாறோணும்ங்க. மாறலீன்னாத்தான் தப்பு.

ஒண்ணு சொல்லீர்றேன். வந்தவங்க எல்லாரும் வயசுக்காரங்க. தெரிஞ்சு, ஒத்துக்கிட்டு வந்தவங்க. நானும் கையக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பேன். வர்ற பொண்ணுகள அம்மிணின்னுதான் கூப்புடுவேன். அந்த நேரம் வந்தா நேராப் பாக்க மாட்டேன், கேமரா ஸ்கிரீன மட்டுந்தான் பாப்பேன். சிரிக்காதீங்க. அப்ப எனக்கு அது பெரிய வித்தியாசமாத் தெரிஞ்சுது.

ஓட்டல்காரனுக்குத் தெரியக் கூடாது, அதுதான் தொழில்ல பாதி. ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை, அப்பிடிப் போவோம். கார்ல இருந்து எறங்கறப்ப மேக்கப் போடற எலிசா அக்கா கையில ஒரு பூத்தட்டு இருக்கும். கூட வர்ற பொண்ணும் பையனும் கட்டிக்கப் போறவங்க மாதிரி நிப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சோடியா நிக்க வெச்சு எடுக்கறாங்க பாருங்க, அந்த ஷூட்டுன்னு சொல்றது. ரிசப்சன்ல இருக்கறவன் கேமராப் பைகளப் பாத்து ஒரு மாதிரி முழிப்பான். அப்ப நான் முன்னால போயி என்ற கார்ட நீட்டுவேன். வெண்ணிலா வீடியோஸ். ஓரத்துல புள்ளையார் படம். மேல என்ற மகளச் சின்னதுல எடுத்த போட்டோ. அதப் பாத்தா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. 'எங்க அக்கா பையனுக்கும் கல்யாணம் வருதுங்க, ஒரு கார்டு குடுங்க'ன்னு வாங்கி வெச்சுக்குவாங்க. ஆமாங்க, இப்ப நீங்க கேட்டீங்களே, அந்தக் கார்டுதான்.

ரூமுக்குள்ள போனா கதவிடுக்குல ஈரத்துண்டச் சுருட்டி வெக்கோணும். டிவியில பக்திப் பாட்டு வெக்கச் சொல்லுவான் ஜெகன். வெளிய போறவன் எவனா இருந்தாலும் சந்தேகப்பட மாட்டானாம். அதுக்கப்பறம் என்ற வேலை. ஓட்டலு எதுன்னு படத்துல தெரியக் கூடாது. பேர் போட்ட துண்டு, சோப்பு, செருப்பு, போனு, சுவத்துல மாட்டீருக்கற படம், எல்லாத்தையும் எடுத்து பீரோவுக்குள்ள வெச்சுருவேன். மெத்தை மேல எங்க துப்பட்டியத்தான் விரிப்போம். முடிஞ்சதும் எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெப்பேன். பதினேழு ரூமு எடுத்தோமுங்க. ஒரு ஓட்டலு பேரு வெளிய வரல. எவ்வளவு கவனம் பாத்துக்கங்க எனக்கு.

போன ஆடியிலதான் சுகந்தி வந்தா. ஆடியில முகூர்த்தமில்லியே, எனக்கு வேற சோலியே இல்ல. ஏற்காட்டுல ஒரு ரூமு, பெரிய ஜன்னலு, காப்பித் தோட்டத்தப் பாத்தாப்பல. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற புள்ளை. முப்பது, முப்பத்தொண்ணு இருக்கும். தனியா லைன் ஊட்டுல குடியிருக்கறா. எதுக்கு இந்த வேலைக்கு வந்தான்னு கேக்கறீங்களா? நான் கேக்கலீங்க. கேக்கறது மரியாதையில்லைன்னு நெனச்சேன். கேட்டிருந்தா ஒருவேளை மனசு வந்திருக்காது, அதுக்காகத்தான் கேக்கலியோ என்னமோ.

வந்ததும் அவ ஜெகன்கிட்டப் பேசல, நேரா எங்கிட்ட வந்தா.

'ஏனுங்ண்ணா, நீங்கதான் கேமராங்களா?'

'ஆமா அம்மிணி.'

'மூஞ்சி தெரியாதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க. அவிய சொல்றதுல எனக்கு நம்பிக்கையில்லீங்ண்ணா. நீங்க சொல்லுங்க.'

நான் அவளக் கூப்புட்டு லென்சுல இருக்கற வளையத்தக் காட்டுனேன். எலிசா அக்காவ முன்னால உக்கார வெச்சேன். 'இதோ பாரு அம்மிணி, இப்ப அக்கா மூஞ்சி தெரியுதா? இந்த வளையத்த இப்பிடித் திருப்புனா மூஞ்சி மங்கிரும், பின்னால இருக்கற பொருளு பளிச்சுனு வந்துரும். நீ கேமராப் பக்கம் திரும்பறப்பெல்லாம் நான் திருப்பீருவேன். என்ற கையில இருக்குது இது. நான் பாத்துக்கறேன்'னேன். அவ ஸ்கிரீன்ல பாத்தா. எலிசா அக்கா மூஞ்சி கரைஞ்சு போயி, பின்னால ஜன்னக் கம்பி தெளிவாத் தெரிஞ்சுது. சுகந்தி சிரிச்சுட்டா. 'அண்ணா சொன்னா செரி'ன்னா.

அந்த வாக்க நான் காப்பாத்துனனுங்க. அதச் சொல்லிக்கறேன். சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் ஒரு தடவை கூட அவ மூஞ்சி தெளிவா வரல. தெளிவா வந்தது ஜன்னலோரத்து மேசை மேல இருந்த தூக்குப்போசி.

போசின்னா தெரியுங்களா? உங்க பக்கம் தூக்குவாளின்னு சொல்லுவீங்க. மூடி போட்டு, புடி வெச்சு, எவர்சில்வர்ல. அவளுக்கு வெளிச் சோறு ஒத்துக்காது, ஊட்டுல இருந்து தக்காளிச் சோறு கொண்டாந்திருந்தா. கல்யாணத்துக்குச் சீர் வெக்கற பாத்திரத்துல பேர் வெட்டுவாங்களே, புள்ளி புள்ளியா, அப்பிடி அதுல வயித்துப் பக்கம் எழுத்து. 'திலகமணி – இரங்கசாமி. அன்பளிப்பு மாமன் நாச்சிமுத்து.' அவ திரும்பறப்பெல்லாம் நான் வளையத்தத் திருப்புனேன். மூஞ்சி மங்கிருச்சு. திலகமணி பேரு பளிச்சுனு வந்துருச்சு.

ஆரு திலகமணின்னு கேக்கறீங்க. அவ பக்கத்தூட்டுக்காரி. அதே லைன் ஊட்டுல அடுத்த கதவு. தனியா இருக்கற புள்ளைன்னு கொழம்பு, பலகாரம்னு எதச் செஞ்சாலும் அந்தப் போசியில ஊத்திக் குடுத்து விடறது அந்தப் பொம்பளைக்கு வழக்கம். போசியச் சும்மா திருப்பித் தரக் கூடாதுங்களே, எதாச்சும் ரொப்பித்தான் குடுக்கோணும். சுகந்தி கையில அந்த வாரம் ரொப்பறதுக்கு ஒண்ணுமில்ல. அதனால போசி அவகிட்டயே தங்கிப் போச்சு. அத்தனைதானுங்க சங்கதி. நம்மூர்ல எந்த ஊட்டுலதான் அடுத்தூட்டுப் பேர் போட்ட பாத்திரம் இல்ல, சொல்லுங்க. என்ற ஊட்டுலயே ஆரோ பேர் போட்ட சொம்புலதான் நான் தண்ணி குடிக்கறேன்.

படம் பங்குனியில வந்துச்சு. நம்மூர்ல ஆரும் பாக்க மாட்டாங்கன்னு ஜெகன் சொல்லியிருந்தான். அத நம்பறதுக்கு ஒரு முட்டாள் வேணும், அது நானு. ஒரு மாசத்துல திருப்பூர்ல கம்பெனி கேண்டீன்ல எவனோ பாத்து, நிறுத்தி, பெருசாக்கிப் படிச்சிருக்கறான். அந்த லைனுக்குள்ள ஒவ்வொரு போனா ஏறியிருக்குது. மூஞ்சி தெரியல. ஆனா பேரு இருக்குது, புருசன் பேரும் இருக்குது, மாமன் பேரும் இருக்குது. திலகமணியும் சுகந்தி மாதிரியே ஒல்லியா, மாநெறமா இருப்பாங்களாம். அப்பறம் என்னங்க வேணும் நாலு பேருக்கு?

இரங்கசாமி சாயப்பட்டறையில வேலை செய்யறவரு. கெட்ட மனுசன்னு சுகந்தியே சொல்லல. அன்னைக்குக் கைய ஓங்கலியாம். பொண்டாட்டிகிட்ட ஒண்ணுமே கேக்காம, அவங்க துணிமணிய மடிச்சு ஒரு பையில வெச்சு வாசப்படியில வெச்சுட்டாராம். அந்தம்மா மாகாளியம்மன் கோயல்ல கற்பூரத்த உள்ளங்கையில ஏத்திச் சத்தியம் பண்ணியிருக்கறாங்க. கை வெந்து போச்சாம். அதுக்கும் ஒருத்தி சொன்னாளாம், தப்புப் பண்ணாதவளுக்கு கை எதுக்கு வேகுதுன்னு. இப்பப் பொறந்த ஊட்டுல கெடக்கறாங்க. பத்தாவது படிக்கற பையன் அம்மாகிட்டப் போன்ல கூடப் பேசறதில்ல.

இதையெல்லாம் எனக்குச் சொன்னதே சுகந்திதானுங்க. போன்ல அழுதா. 'அண்ணா, என்னால ஒரு குடும்பம் போச்சுங்ண்ணா'ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? 'நீ பேசாம இரு அம்மிணி. உன்ற மூஞ்சி தெரியலீல்ல? உன்ற மானம் தப்பிச்சுதுன்னு இரு. நாலு மாசத்துல மறந்துருவாங்க'ன்னேன். பெரிய மனுசன் மாதிரி சொன்னேன். போன வெச்சுட்டுச் சோறு தின்னேன்.

அவ பேசாம இருக்கலீங்க. அடுத்த நாளே லைன் ஊட்டு வாசல்ல எல்லார்த்து முன்னாலயும் போயி நின்னிருக்கறா. 'அது நான்தான். திலகக்கா இல்ல. போசிய நான்தான் கொண்டு போனேன்'னு சொல்லியிருக்கறா. நெனச்சுப் பாருங்க. எத்தனை தைரியம் வேணும். நான் இருவத்திரெண்டு வருசத்துல ஒரு மாப்பிள்ளை ஊட்டுக்காரன எதுத்துப் பேசுனதில்ல.

ஆனா ஆரும் நம்பலீங்க. அதுதான் கொடுமை. 'இத்தனை நாளு திலகமணி போட்ட சோத்தத் தின்னவ, அந்த நன்றிக்கு இப்ப பழிய ஏத்துக்கறா'ன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தன் அவளப் புகழ்ந்து வேற பேசுனானாம். இரங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டாராம், 'நீ நல்ல புள்ளை, உன்ற பேரக் கெடுத்துக்காத போம்மா'ன்னு. தப்ப ஒத்துக்கறவளப் பாத்து நீ நல்லவன்னு சொன்னா அவ எங்கீங்க போவா?

திலகமணி மட்டும் நம்புனாங்க. நம்பாம என்ன, அது தானில்லைன்னு அவங்களுக்குத் தெரியுமல்ல. சுகந்தி அவங்க ஊரு வரைக்கும் போயிருக்கறா. அவங்க கதவக் கூடத் தொறக்காம உள்ள இருந்தே கேட்டாங்களாம், 'படத்துல ஒவ்வொரு தடவையும் என்ற பேரு தெரியுதேடி. அதத் தெரியற மாதிரி திருப்பி வெச்சுட்டுத்தான படுத்த? உன்ற மூஞ்சிய மறைச்சுட்டு என்ற பேரக் குடுத்துட்டு வந்துட்டயேடி'ன்னு. இவளுக்கு அதுதான் தாங்கல. ஊர் நம்பாதது கூடப் பெருசில்லீங்ண்ணா, அக்கா இப்பிடிக் கேட்டுட்டாங்களேன்னு அன்னைக்கு அவ அழுத அழுகை இருக்குதே.

அப்பறம்தான் அந்தக் கேள்வியக் கேட்டா. 'அண்ணா, ஆரம்பத்துல என்னைய உக்கார வெச்சு எடுத்தீங்களே, அது இருக்குதுங்களா?'

என்னன்னு உங்களுக்குச் சொல்லோணும். படம் எடுக்கறதுக்கு முன்னாடி ஜெகன் ஒரு வேலை பண்ணுவான். வர்றவங்கள நல்லாத் துணி உடுத்தி உக்கார வெச்சு, ஆதார் கார்டக் கையில புடிக்கச் சொல்லி, மூஞ்சி தெளிவாத் தெரியற மாதிரி பேசச் சொல்லுவான். பேரு, வயசு, என்ற விருப்பத்துலதான் நடிக்கறேன்னு. நாளைக்கு ஆரும் கேசு போடக் கூடாதுன்னு. அத வெளிய விட மாட்டாங்க, வெச்சுக்குவாங்க. சுகந்தியையும் எடுத்தோம். அதே சேலை, அதே ரூமு, பின்னால அதே மேசை, அதே போசி. அது ஒண்ணு இருந்தாப் போதும். திலகமணி அந்த ரூம்லயே இல்லைன்னு கண்ணால பாக்கலாம். ஜெகன் போனு சித்திரையில இருந்தே சுவிட்ச் ஆப்பு. ஆளு எங்கீன்னு தெரியல. அது எங்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு.

நான் சொன்னேன், 'எல்லாத்தையும் அழிச்சுட்டேன் அம்மிணி'ன்னு.

பொய்ங்க. அழிக்கல. இருவத்திரெண்டு வருசத்துல எடுத்தது ஒண்ணையும் நான் அழிச்சதில்ல.

ஏன் பொய் சொன்னேன்னா, அவளோட மானத்துக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டு மாசம் அதையே சொல்லிக்கிட்டேன். ஒரு பொண்ணு தன்ற மூஞ்சியத் தானே வெளிய காட்டறதுக்கு நாம துணை போகலாமான்னு. நல்லா இருக்குதல்லங்க கேக்கறதுக்கு? என்ற மகளுக்கு வர்ற ஆவணியில நிச்சயம். பல்லடத்துல மாப்பிள்ளை ஊடு, நெம்ப மரியாதையான குடும்பம். உண்மை அதுதானுங்க. அந்தக் காரணம் மட்டுந்தான் உண்மை.

ஆனா வீடியோவுல நான் எங்க இருக்கறேன், நான் கேமராவுக்குப் பின்னாலதான நிக்கறேன், அப்பறம் எனக்கென்ன பயம்னு கேக்கோணும் நீங்க. கேக்கலியே. கேட்டிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்சம் முன்னாலயே சொல்லியிருப்பேன்.

என்ற மூஞ்சி இல்லீங்க அதுல. சத்தம் இருக்குது.

அவிநாசிபாளையம் தாண்டீருச்சா? தாண்டீருச்சு. செரி.

அவ பேரு, வயசு, விருப்பம், மூஞ்சி காட்டக் கூடாதுங்கற கண்டிசன், எல்லாஞ் சொல்லி முடிச்சா. நான் கேமராவ இன்னும் நிறுத்தல. அவ எந்திரிச்சுத் திரும்பறா. மேசையப் பாக்கறா. 'அய்யோ, இத இங்கயே வெச்சுட்டனா. இது என்றதில்லீங்ண்ணா, திலகக்கா ஊட்டுப் போசி. அவங்க பேரெல்லாம் வெட்டியிருக்குது. எடுத்துப் பையில வெச்சர்றேன்'னு கைய நீட்டறா.

அப்ப ஒரு ஆம்பளைக் குரலு கேக்குதுங்க. 'இருக்கட்டும் உடு அம்மிணி. எல்லாத்தையும் எடுத்துட்டோம், மேசை மொட்டையா இருக்குது. ஜன்னல் வெளிச்சம் அதுல நல்லா உழுகுது. பேரெல்லாம் தெரியாது, நான் பாத்துக்கறேன்.'

அந்தக் குரலு என்றது. 'செரிங்ண்ணா'ன்னு அவ கைய எடுத்துக்கறா.

எடுக்கறப்பக் கவனிக்காம போச்சுன்னுதான் அவகிட்டச் சொல்லியிருக்கறேன். உங்ககிட்டயும் மொதல்ல அப்பிடித்தான சொல்ல வந்தேன், மேசை மேல ஒரு போசி இருந்துச்சுன்னு, தானா வந்து உக்காந்துக்கிட்ட மாதிரி. கவனிச்சனுங்க. படிச்சனுங்க. ஸ்கிரீன்ல அந்தப் புள்ளியெழுத்து ஒவ்வொண்ணும் எனக்குத் தெரிஞ்சுது. ஓட்டல்காரன் சோப்புப் பேர மறைச்சவனுக்கு ஒரு பொம்பளை பேர மறைக்கோணும்னு தோணல. எவ்வளவு அழகா வருது பாருன்னு மனசுக்குள்ள சந்தோசம். அந்தச் சந்தோசத்த நெனச்சாத்தான் இப்ப நெஞ்சக் குத்துது. அதுக்கு முன்னால பண்ணுனதெல்லாங் கூட எப்பிடியோ செரிச்சுக்குவேன்.

போன வாரம் மனசு கேக்கல. சுகந்திக்குப் போன் பண்ணுனேன். 'தேடிப் பாத்தேன் அம்மிணி, ஒரு பழைய டிஸ்குல கெடந்துச்சு. கொண்டாந்து குடுக்கறேன்'னேன். அவ அழுதுட்டுச் சொன்னா, 'நீங்க நல்லா இருக்கோணும்ங்ண்ணா. உங்க மக கல்யாணம் ஒரு கொறையில்லாம நடக்கோணும்'னு. என்னையத் திட்டியிருந்தாக் கூடப் பரவால்லீங்க.

அப்பறம் கேட்டா, 'நான் போசிய எடுக்கறேன்னு சொன்னேனேங்ண்ணா, அது அதுல கேக்குமல்லங்ண்ணா? திலகக்காவுக்கு அத மட்டும் கேக்க வெக்கோணும். ஊரு பாத்தாப் போதும், அக்கா கேக்கோணும்.' நான் என்ன சொன்னேன்கறீங்க? 'பாக்கறேன் அம்மிணி'ன்னேன்.

நேத்து முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தேன். இப்ப இந்தப் பையில இருக்கற பென்டிரைவுல அவ மூஞ்சி இருக்குது, ஆதார் கார்டு இருக்குது, மேசை இருக்குது, போசி இருக்குது. எல்லாந் தெளிவா இருக்குது. சத்தத்த மட்டும் எடுத்துட்டனுங்க.

முழுசா எடுத்துட்டேன். என்ற குரல மட்டும் வெட்டலாம்னுதான் பாத்தேன். வெட்டுனா நடுவுல ஒரு பள்ளம் தெரியும், அவ 'செரிங்ண்ணா'ங்கறது ஆருக்குன்னு கேள்வி வரும். அதனால மொத்தமா எடுத்துட்டேன். ஏசி இரைச்சல்ல ஒண்ணும் பதிவாகலைன்னு சொல்லிக்கலாம். மூஞ்சி இருந்தாப் போதுமல்லங்க? திலகமணி இல்லைன்னு தெரிஞ்சு போகும், இரங்கசாமி போய்ப் பொண்டாட்டியக் கூட்டியாந்துருவாரு, பையன் பேசுவான். பெரிய காரியம் முடிஞ்சுருது. மிச்சம், அந்தம்மா சுகந்தியப் பத்தி என்ன நெனச்சா என்ன? அது பக்கத்தூட்டுச் சண்டைதான? நாள் ஆக ஆகச் செரியாப் போயிரும். நான் சொல்றது ஞாயம்தானுங்க?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

எனக்கே தெரியுதுங்க. அந்தப் புள்ளை மூஞ்சியக் கொண்டு போயி ஊர் முன்னால வெக்கறேன், என்ற குரல மட்டும் ஊட்டுல பூட்டி வெச்சுட்டு வர்றேன். ரெண்டு தடவையும் அவளுக்கு 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னது அதே குரலு.

இந்தா, கோவில்வழி வந்துருச்சு. கண்டக்டரு கத்தறாரு. அந்தப் பேக்கரிகிட்ட நிக்கறேன்னு சொன்னா. பச்சைச் சேலைன்னு சொன்னா. அதோ அங்க நிக்கறா பாருங்க, அதுதான் சுகந்தி. என்னையப் பாத்துட்டா, கையக் காட்டறா.

பக்கத்துல இன்னொரு பொம்பளை நிக்கறாங்களே. ஒல்லியா, மாநெறமா. நான் பாத்ததில்லீங்க அவங்கள. வலது கையில துணி சுத்தியிருக்குது.

அய்யோ. கூட்டியாந்துட்டா. எப்பிடியோ கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டியாந்துட்டாளுங்க. போன்ல போட்டு இங்கயே கேட்டுறலாம், இன்னைக்கே கேட்டுறலாம்னு கூட்டியாந்திருக்கறா. அந்தம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கறாங்க. ஆனா வந்திருக்கறாங்க. அவ சொன்ன ஒரு வார்த்தைய நம்பி, காதக் குடுக்கறதுக்கு வந்திருக்கறாங்க.

நீங்க எறங்குங்க. உங்களுக்கு நேரமாகுது. நான் எறங்கலீங்க. கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா, தாராபுரத்துக்கு அடுத்த வண்டி எப்பன்னு. ஊட்டுல பீரோவுல இன்னொண்ணு இருக்குது, சத்தத்தோட. போய் எடுத்துட்டு வர்றதுன்னா மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அந்தம்மா நிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க. நிப்பாங்களாங்க?

இல்லீன்னா நானே எறங்கிப் போயி வாயத் தொறந்து சொல்லோணும். குரலு எங்கிட்டத்தான இருக்குது.

கால கொஞ்சம் எடுத்துக்கங்க, எறங்கறேன்.